பேசும் பூக்களுக்கு ஒரு குரல்

நவம்பர் 4, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோடு, டயர் கடைக்கு மேல் மாடி. பலகையில் 'பேசும் பூக்கள் சிறார் மேம்பாட்டு மையம்' என்று எழுதி, அதற்குக் கீழே சிவப்பில் 'மௌனத்தை உடைப்போம்' என்று போட்டிருக்கிறார்கள். கீழே கடையில் ரிம்மைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தளத்திலும் ஒரே வேலைதான் நடக்கிறது போலிருந்தது.

நிறுவனர் ரேணுகாதேவி மேடம் என்னைக் கேள்வி கேட்டார். "உனக்குக் குழந்தைங்கன்னா ரொம்பப் பிடிக்கும் இல்லையா? பிடிக்கும். பொறுமை இருக்கா? இருக்கு, மூஞ்சிலயே தெரியுது. பள்ளிபாளையத்துலேர்ந்து தினமும் பஸ்ல வந்துருவியா? வந்துருவே." நான் மூன்று முறை தலையாட்டினேன். வேலை கிடைத்துவிட்டது. இவ்வளவு நன்றாக எந்த நேர்காணலிலும் நான் பதில் சொன்னதில்லை.

பிறகு என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "கோகிலவாணி! குயில் குரல்னு பேரை வச்சுக்கிட்டு ஏம்மா இவ்ளோ சன்னமா பேசறே?" என்றார். என் குரல் அப்படித்தான். போனில் பேசினால் "வீட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா குடு பாப்பா" என்பார்கள்.

பி.எஸ்சி. உளவியலும் சிறப்புக் கல்விப் பட்டயமும் வீணாகவில்லை என்று அம்மாவுக்கு நிம்மதி. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதை அவள் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறாள். அவர் சில்லறை தருவதில் எந்த மாற்றமும் இல்லை.

நவம்பர் 7, வியாழன்

மையத்தில் இரண்டு பெரிய அறைகள். ஒன்று பேச்சு அறை. அங்கே ஆட்டிசம் உள்ள குழந்தையை, எழுந்து ஓடாதபடி முன்னால் கட்டை போட்ட நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மூத்த பயிற்சியாளர் பிரமிளா அக்கா ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார். "இது என்ன? ஆப்பிள். சொல்லு. ஆப்-பிள். என்ன இது? ஆப்பிள்! வெரி குட்!" கேள்வி, பதில், பாராட்டு எல்லாம் அக்காவே. குழந்தை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் முடிந்ததும் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. அவருக்கு மிளகுப் பால் காய்ச்சுவதும் என் வேலை.

மற்றது அசைவு அறை. பலகை ஊஞ்சல், குதிக்கும் வலை, நடைப் பலகை, நுழைந்து போகத் துணிச் சுரங்கம். பேச்சு அறையில் அழும் பிள்ளைகளை அழுகை நிற்கும்வரை இங்கே விடுவார்கள். பெற்றோருக்கு இந்த அறை பிடிப்பதில்லை. "ஆடறதுக்கா பீஸ் கட்றோம்? உக்கார வைங்க மிஸ், பேச வைங்க" என்கிறார்கள். அதனால் புதிதாக வந்த என்னை இங்கே போட்டிருக்கிறார்கள்.

இன்று பேச்சு அறையிலிருந்து இங்கே வந்தவன் தக்ஷித். நான்கு வயது. நுனிக்காலில்தான் நடக்கிறான், தரை சுடுவதுபோல. பேச்சில்லை. அவன் அம்மா மேனகா வாசலில் நின்று, "கொஞ்சம் பாத்துக்கங்க மிஸ். கீழ விட்டா ஓடிருவானுங்க" என்றார். அவன் எங்கும் ஓடவில்லை. துணிச் சுரங்கத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்கும் அந்த இடம் பிடித்துத்தான் இருந்தது.

நவம்பர் 9, சனி

வீட்டுக்கு வரும்போது தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளியின் பட்டறை. அம்மாவும் அப்பாவும் அங்கேதான் விசைத்தறி ஓட்டுகிறார்கள். சத்தத்தில் பேச முடியாது. அம்மா தூரத்திலிருந்தே மோவாயைத் தூக்கினாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் வயிற்றைத் தொட்டுக் கையை விரித்தேன். அப்பா இரண்டு விரலை முறுக்கிக் காட்டினார். இழை அறுந்திருக்கிறது, நீ போ, அம்மா பிறகு வருவாள்.

சோறு வடித்தேன். ரசம் வைத்தேன். துணி ஊறப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

தக்ஷித் ஊஞ்சலில் ஏறினான். ஆட்டினேன். பஸ்ஸில் நின்றே வந்ததில் கை வலித்தது, அதனால் நிறுத்தினேன். வேறு காரணமில்லை.

ஊஞ்சல் நின்றது. என்ன சொல்வதென்று எனக்கு வழக்கம்போல ஒன்றும் தோன்றவில்லை. சும்மா நின்றேன். அவனும் சும்மா உட்கார்ந்திருந்தான். வெகு நேரம் போனதுபோல் இருந்தது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, தூக்கி, கயிற்றின் மேல் வைத்தான். என் முகத்தைப் பார்த்தான். சட்டென்றுதான், ஆனால் பார்த்தான்.

"ஆட்டணுமா?" என்றேன். ஆட்டினேன்.

மறுபடியும் நிறுத்தினேன். இந்த முறை வேண்டுமென்றே. மறுபடியும் கையைத் தூக்கி வைத்தான்.

பிரமிளா அக்காவிடம் சொன்னேன். "அது கைய புடிச்சு இழுக்கறதும்மா. எல்லாப் புள்ளைகளும் பண்றதுதான். பேச்சுல சேராது" என்றார். பட்டயப் படிப்பில் இதைப் பேச்சுக்கு முந்தைய பேச்சு என்று படித்தேன். ஊஞ்சலும் குதித்தலும் பேச்சு வர நல்ல இடம் என்றும், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றும் எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அக்காவிடம் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா மிளகுப் பால் கேட்டார்.

நவம்பர் 21, வியாழன்

காத்திருப்பது எனக்கு எளிது. பேசத் தெரியாததால் இதுவரை வேறெதுவும் செய்ததில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

ஊழியர் கூட்டம். மேடம் அறிவித்தார்: பிப்ரவரி எட்டாம் தேதி கல்யாண மண்டபத்தில் ஆண்டு விழா. குழந்தைகள் ஒவ்வொருவராகச் சுரங்கத்தில் நுழைந்து, பலகையில் நடந்து, ஊஞ்சலில் ஆடி, கடைசியில் மைக் முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "ஒரே ஒரு வார்த்தை. அம்மா போதும். ஊரே அழணும்."

"பேசாத பிள்ளைகள்?" என்று யாரோ கேட்டார்கள். நான் இல்லை.

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க!" என்றார் மேடம். எல்லோரும் கை தட்டினோம்.

டிசம்பர் 12, வியாழன்

இன்று ஊஞ்சல் நின்றதும் தக்ஷித் என் கையைத் தேடினான். நான் வேண்டுமென்றே சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். காலால் தரையைத் தட்டினான். பிறகு "ஆ" என்றான்.

"ஆட்டு" என்று சொல்லி ஆட்டினேன். நிறுத்தினேன். "ஆ" என்றான்.

நான் செய்த தவறு, அதைக் கேட்டதும் சந்தோஷத்தில் கதவைத் திறந்து மேனகாவைக் கூப்பிட்டது. மேனகாவுக்குப் பின்னால் பிரமிளா அக்கா வந்தார். அவருக்குப் பின்னால் மேடம், மேடத்துக்கு முன்னால் மேடத்தின் செல்போன்.

"ஆ சொல்லு தங்கம்! ஆ! அம்மா சொல்லு!"

"அம்... அம்மா! இங்க பாரு, போனப் பாரு!"

"சொன்னா சாக்லேட்! ஒரே ஒரு தடவ சாமி!"

வரவேற்பு மேசையில் இருப்பவர், தண்ணீர் கேன் போட வந்தவர் எல்லோரும் அம்மா சொன்னார்கள். அறையில் அம்மா சொல்லாதவன் அவன் ஒருவன்தான். காதைப் பொத்திக்கொண்டு துணிச் சுரங்கத்துக்குள் போய்விட்டான்.

"இவனுக்கு மூடு இல்ல" என்றார் மேடம். தண்ணீர் கேனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

குமாரபாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, "பொண்ணு என்ன வேலைங்க?" என்று கேட்டார்.

"பேசாத குழந்தைங்களப் பேச வைக்கற வேலைங்க" என்றாள் அம்மா.

"அடேங்கப்பா! அப்பப் பொண்ணே ஒரு வார்த்த பேசட்டுமுங்க. குரலக் கேப்போம்."

"வணக்கம் சொல்லு கண்ணு" என்றாள் அம்மா. "சொல்லுப்பா" என்றார் அப்பா. "வெக்கப்படாத, சொல்லு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. "இன்னொருக்கா சொல்லு." இரண்டாவது முறை வரவில்லை.

"வூட்ல வாயே மூட மாட்டாளுங்க" என்றாள் அம்மா. இவ்வளவு பெரிய பொய்யை அவள் தயங்காமல் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

நான் விட்டத்தைப் பார்த்தேன். ஒட்டடை இருக்கிறது. அடிக்க வேண்டும்.

ஜனவரி 3, வெள்ளி

தக்ஷித்தின் அப்பா பூபதி முதன்முறையாக மையத்துக்கு வந்தார். லாரி பைனான்ஸ் வைத்திருக்கிறார். உட்காரவில்லை.

"மேடம், எனக்கு வளைச்சுப் பேச வராதுங்க. எங்கண்ணன் ஒரு எடம் விசாரிச்சு வச்சிருக்காரு. வெளியூரு. முதுகுத்தண்டுல ஊசி போடறாங்களாமா. பேச்சு வந்துருதாமா. இங்க ஒரு வருசமா ஊஞ்சலாடறான்."

மேனகா சுவரோடு நின்று, "நாலு வயசுப் பையனுக்கு முதுகுல ஊசிங்க" என்றார். கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த ஊசியைப் பற்றி எனக்குத் தெரியும். ஆட்டிசத்துக்கு அதனால் பலன் உண்டு என்று யாரும் நிரூபித்ததில்லை, ஆபத்தும் உண்டு என்று வகுப்பில் பேராசிரியர் மேசையைத் தட்டிச் சொன்னார். அதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாக்கியத்தை உள்ளே ஒழுங்காகக் கட்டினேன். 'நிரூபிக்கப்படாத' என்று தொடங்குவதா, 'ஐயா' என்று தொடங்குவதா என்று யோசிப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டார்.

"ஆண்டு விழா வரைக்கும் டைம் குடுங்க சார். மேடையில உங்க பையன் அம்மான்னு சொல்லுவான். நான் கேரண்டி."

"சொல்லலைன்னா?"

"சொல்லுவான்."

"சொல்லலைன்னா அடுத்த வாரம் அண்ணன் டிக்கெட் போட்டுருவாருங்க" என்றார் பூபதி.

அவர்கள் இறங்கிப் போகும்போது தக்ஷித் படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான் என்று எழுத ஆசை. பார்க்கவில்லை. கீழே உருண்டுகொண்டிருந்த டயரைப் பார்த்தான்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் விடுமுறை முடிந்து ஒத்திகை. பிரமிளா அக்கா ஒவ்வொரு குழந்தையையும் பின்னாலிருந்து பிடித்துச் சுரங்கத்தில் தள்ளி, பலகையில் நடத்தி, மைக் முன்னால் நிறுத்தினார். நடந்தது அக்காதான், கால்கள் மட்டும் குழந்தையுடையவை. அசைவு முடிந்தது. மைக் வந்தது. ஒருவன் மைக்கை நக்கினான். வர்ஷா என்கிற பெண் அதற்கு முத்தம் கொடுத்தாள். ஒரு குழந்தையும் வார்த்தை சொல்லவில்லை.

மேடம் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோகிலா, ஒரு தடவை அம்மா சொல்லு."

"அம்மா" என்றேன்.

மேடம் பிரமிளா அக்காவைப் பார்த்தார். பிரமிளா அக்கா மேடத்தைப் பார்த்தார்.

"அப்படியே குழந்தை!" என்றார் மேடம். என் குரலைப் பதிவு செய்து விழாவில் குழந்தைகளுக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"ஏமாத்தறது இல்லம்மா இது. சினிமாவுல ஹீரோயின்லாம் சொந்தக் குரல்லயா பேசறாங்க? யாராச்சும் கேஸ் போட்டாங்களா? இந்தப் புள்ளைங்க மனசுக்குள்ள அம்மான்னு சொல்லிட்டுத்தான் இருக்கு. நாம சவுண்டு குடுக்கறோம், அவ்ளோதான். உனக்கு இதுல ஆட்சேபணை இருக்கா? இல்லை."

நான் தலையாட்டவில்லை. ஆட்டாததை மேடம் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜனவரி 20, திங்கள்

மேடத்தின் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதிவு செய்தோம். அம்மா, அப்பா, வணக்கம், தேங்க்யூ. ஒரே மாதிரி இருக்கக் கூடாதென்று ஒன்றுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டேன், ஒன்றுக்கு வாயில் மிட்டாய் வைத்துக்கொண்டேன். "பிரமாதம்! உனக்குள்ள இவ்ளோ பேர் இருக்காங்க, வெளியவே விட மாட்டேங்கறியே!" என்றார் மேடம். வேலையில் சேர்ந்த பிறகு கிடைத்த முதல் பாராட்டு.

வரும் வழியில் சோப்பு வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

பதிவு சரிவரவில்லை. ஒத்திகையில் குழந்தை தும்மும்போது அப்பா வருகிறது, ஓடிப் போன பிறகு வெறும் மைக் தேங்க்யூ சொல்கிறது. ஆகவே நேரடியாகவே செய்துவிடலாம் என்று மேடம் முடிவு செய்தார். மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் கம்பியில்லா மைக்கோடு நான் நிற்க வேண்டும். இடுக்கு வழியாகப் பார்த்து, குழந்தை வாய் திறக்கும் நேரத்தில் பேச வேண்டும்.

"மேடைக்கே வர வேண்டாம். உனக்கும் வெட்கம், நல்லதாப் போச்சு" என்றார். என்மேல் இவ்வளவு அக்கறை.

ஜனவரி 30, வியாழன்

மேனகா இன்று வீட்டில் சுட்ட வெல்லக் கச்சாயம் கொண்டுவந்தார். நான் தக்ஷித்தைக் குதிக்கும் வலையில் ஏற்றியிருந்தேன். அவனுக்கு இன்னும் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வருவதில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கி மடக்கி நிமிர்கிறான். நின்றால், கையை அழுத்துகிறான். இன்னும் வேண்டும்.

"மிஸ், அவன் உங்க கைய அமுத்தறானே, அது எதுக்குங்க?"

"இன்னும் வேணுங்கறானுங்க."

மேனகா கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கிட்டயும் இப்படித்தானுங்க பண்றான். பிரிட்ஜ் மேல எங்கைய வெப்பான். தொல்லை பண்றான்னு நெனச்சு தட்டி விட்டுருக்கேன்" என்றார். பிறகு, "எட்டாந்தேதி சொல்லிருவானுங்களா மிஸ்? அவுங்கப்பா ஊசிக்குப் பணம் பொரட்டிட்டாரு" என்றார்.

சொல்லுவான் என்றேன். மேடத்தின் குரலைப்போல உறுதியாக வந்தது. யார் சொல்வார்கள் என்பதைச் சொல்லவில்லை.

கச்சாயம் நன்றாக இருந்தது. முழுதாகச் சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஊசியைவிடப் பொய் நல்லது. இதை எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. நடந்ததை முழுவதும் இன்று எழுத வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. தலைமை விருந்தினர் ரிக் வண்டி அதிபர் நல்லசிவம். வட இந்தியா வரைக்கும் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். குழந்தைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

"எனக்குத் தெரிஞ்சது போர்தானுங்க. நானூறு அடில தண்ணி இல்லைன்னு வண்டியத் திருப்புனா அவன் தொழில்காரனே இல்ல. இன்னும் நூறடி எறக்கோணும். புகையாத்தான் வரும், பயப்படக் கூடாது. இந்தக் கொழந்தைங்களும் அப்படித்தான். வர்ற வரைக்கும் போடோணும்!"

பலத்த கைதட்டல். மேடம் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு பலகையில் வரலாம்.

நான் திரைக்குப் பின்னால் நின்றேன். கையில் மைக். பிரமிளா அக்கா முதல் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வந்தார். மைக் முன்னால் அவன் வாய் திறந்தான். "அம்மா" என்றேன். மண்டபம் ஓவென்று எழுந்தது. அடுத்தவனுக்கு "அப்பா." வர்ஷாவுக்கு மிட்டாய்க் குரலில் "அம்மா." முன் வரிசையில் அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒரு பையன் கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவிக்குள் சரியாக "வணக்கம்" சொன்னேன். அன்றைய நிகழ்ச்சியில் அதிகக் கைதட்டல் அதற்குத்தான்.

மேடைப் பயம் எனக்கு வரவேயில்லை. யாரும் பார்க்காதவரை நான் நன்றாகப் பேசுகிறவள் என்று தெரிந்துகொண்டேன்.

கடைசியாகத் தக்ஷித். சுரங்கத்தில் தானே நுழைந்து தானே வெளியே வந்தான். பலகையில் நுனிக்காலில் நடந்தான். இரண்டு பக்கமும் கைகளை விரித்துக்கொண்டான், அது யாரும் சொல்லிக் கொடுக்காதது. ஊஞ்சலில் ஏறினான். அக்கா ஆட்டினார். நிறுத்தினார். "வா, மைக்குக்குப் போலாம்."

பூபதி முன் வரிசையில் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார். பக்கத்தில் மேனகா, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு. நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

அவன் மைக்குக்குப் போகவில்லை. ஊஞ்சல் நின்றதும் பக்கத்தில் ஒரு கையைத் தேடினான். அக்கா அவன் தோளைப் பிடித்து இழுத்தார். தோளைக் குறுக்கி நழுவினான். மேடையைச் சுற்றிப் பார்த்தான். திரைக்குக் கீழே என் செருப்பு தெரிந்திருக்க வேண்டும். நுனிக்காலில் நேராக வந்து, திரையை விலக்கி, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

கையை உதறியிருக்கலாம். உதறவில்லை. வெளிச்சத்துக்கு வந்தபோது எதிரே ஒன்றும் தெரியவில்லை, அது ஒருவிதத்தில் உதவியாக இருந்தது. அவன் ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தான். என் கையைத் தூக்கிக் கயிற்றின் மேல் வைத்தான். பார்த்தான்.

தினமும் சொல்வதுதான். வேறெதுவும் எனக்கு அப்போது தெரியாது.

"ஆட்டணுமா?"

மற்றக் கையிலிருந்த மைக், மண்டபத்தின் அத்தனை ஒலிபெருக்கியிலும் அதைச் சொன்னது.

இடப்பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல்: "ஏனுங்க, இது எம்பொண்ணு குரலாச்சே?"

"இல்லீங்க, இது எம்பையன் குரலு" என்றார் வலப்பக்கத்தில் ஒருவர்.

"வணக்கம் சொன்னதும் இந்தப் புள்ளதான்!"

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மேடம் மேடைக்கு ஓடிவந்து, "டெக்னிக்கல் பிராப்ளம், டெக்னிக்கல் பிராப்ளம்" என்றார். அவர் மைக் அணைந்திருந்தது. நல்லசிவம் ஐயாவுக்கு எதுவும் புரியவில்லை போலிருக்கிறது, விடாமல் கை தட்டிக்கொண்டிருந்தார்.

பூபதி இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஏம்மா, கொழந்தைங்கள வச்சுக் கூத்தா கட்றீங்க?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பையனைத் தூக்கக் குனிந்தார்.

தக்ஷித் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். என் கையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அவர் கையை வைத்தான். காலால் மேடையைத் தட்டினான்.

"என்னடா?" என்றார் பூபதி.

எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. முதல் வரிசையிலிருந்து மேனகாவின் குரல்தான் வந்தது. "கேக்கறானுங்க! உங்ககிட்டக் கேக்கறானுங்க! ஆட்டுங்க!"

பூபதி ஒரு முறை ஆட்டினார். ஊரெல்லாம் பார்க்கிறது என்று நினைவு வந்ததும் நிறுத்திவிட்டு மேடத்தின் பக்கம் திரும்பி, "என்னங்க மேடம் கேரண்டி குடுத்தீங்க?" என்று ஆரம்பித்தார். கை மறுபடியும் இழுக்கப்பட்டது. கயிற்றில் வைக்கப்பட்டது. ஆட்டினார். "கேரண்டின்னா என்னங்க அர்த்தம்?" மறுபடியும் கை. ஆட்டினார். "பணத்தத் திருப்பிக் குடுங்க!" ஆட்டினார். இப்படியே பாதிச் சண்டை போனது. முதலில் மேடத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே ஆட்டினார். பிறகு பையனைப் பார்த்து ஆட்டிக்கொண்டே திட்டினார். அதன் பிறகு திட்டவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேடம் போன் செய்தார். "உன்னை இனிமே வச்சுக்க முடியுமா? முடியாது. உனக்கே அது புரியும். புரியுது இல்லையா? புரியுது." வைத்துவிட்டார். சேர்ந்த மாதிரியே வெளியேறிவிட்டேன்.

பிரமிளா அக்காவும் பேசினார். "குரலற்ற குழந்தைகளுக்குக் குரல் கொடுத்தோம்" என்று மேடம் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாராம். நேற்று ஒரு அப்பா வந்து, "நடந்தது நடந்துபோச்சு, எம்பையன் பேசற வீடியோ மட்டும் அனுப்புங்க, துபாயில தம்பிக்கு அனுப்போணும்" என்று வாங்கிக்கொண்டு போனாராம்.

மிச்சச் சம்பளம் வாங்கத் திருச்செங்கோடு போனபோது பஸ் ஸ்டாண்டில் வர்ஷாவின் அம்மாவைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஒரு நிமிசம் நம்பிட்டேன் மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

"தப்புங்க. மன்னிச்சுக்குங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகவா சொன்னேன்?

பிப்ரவரி 13, வியாழன்

குமாரபாளையத்துக்காரர்கள் பெண் அடக்கமாக இருப்பதால் சம்மதம் என்று சொல்லியிருந்தார்கள். இன்று வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். பெண் மேடையில் ஆண்குழந்தை, பெண்குழந்தை எல்லாக் குரலிலும் பேசுகிறதாம்.

ஒட்டடை அடித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தறிக்கு விடுமுறை. தெருவே அமைதியாக இருந்தது. பருப்பு அரித்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன்.

"மிஸ், நான் பூபதிங்க. தக்ஷித் அப்பா."

எழுந்து நின்றுவிட்டேன்.

"அன்னிக்குக் கொஞ்சம் ஓவராப் பேசிட்டேன். அது கெடக்குது விடுங்க. ஹால்ல கொக்கி போட்டு ஊஞ்சல் மாட்டிருக்கேன். ஆனா ஒரு தொல்லைங்க. சோறு திங்க முடியல, போன் பேச முடியல. கையப் புடிச்சுட்டே இருக்கான். பிரிட்ஜுக்கு ஒருக்கா, கதவுக்கு ஒருக்கா, ஊஞ்சலுக்கு நூறு தடவ. இத்தன நாளா இவ்வளவு கேட்டுட்டா இருந்தான்?"

"ஆமாங்க" என்றேன்.

"எங்கண்ணன் டிக்கெட் போடட்டுமான்னு கேட்டாரு. இருங்கண்ணா, கை காலி இல்லைன்னுட்டேன்."

அந்த ஊசியைப் பற்றிக் கட்டிவைத்திருந்த வாக்கியம் உள்ளே அப்படியே இருந்தது. 'ஐயா' என்றோ 'நிரூபிக்கப்படாத' என்றோ யோசிக்காமல், "அது வேண்டாமுங்க. அதுல பலன் இருக்குதுன்னு யாரும் காட்டல. புள்ளைக்கு ஆபத்துங்க" என்று முழுவதும் சொல்லி முடித்தேன்.

போனுக்குள் ஊஞ்சல் கொக்கி கிரீச் கிரீச்சென்று போய் வந்துகொண்டிருந்தது.

"சரி, ஒன்னு சொல்லுங்க" என்றார். "இன்னும் வேணுங்கறானா, போதுங்கறானா? வாயத் தொறக்காம எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

"நிறுத்துங்க."

"நிறுத்திட்டு?"

"ஒன்னும் பேசாதீங்க. காத்திருங்க."

"எவ்வளவு நேரம்?"

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

கிரீச் சத்தம் குறைந்து நின்றது. அந்தப் பக்கம் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டதும் கேட்டது. அம்மா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று, யார் என்று மோவாயைத் தூக்கினாள். பொறு என்று கையைக் காட்டினேன். அவளும் நின்றாள்.

போனில் சின்னதாக ஒரு தட்டல். கால் தரையில் படும் சத்தம்.

பிறகு "ஆ" என்றான்.

கொக்கி கிரீச்சிட்டது.